கொம்பன் மறக்காத புல்

கடலோரச் சுண்ணாம்புக் குன்றின் மேல் பழைய கோல்ஃப் மைதானம் ஒன்று இருந்தது. அதன் கம்பிவேலிக்கு வெளியே ஒரு செம்மறிக் கூட்டம் மேய்ந்தது. கொம்பன் என்ற கிழட்டுக் கிடா மட்டும் சரியாக மேயாமல், வேலியோரம் நின்று உள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு காலத்தில் அந்த மைதானத்துப் புல்லை மட்டமாக வைத்திருந்தவை ஆட்டு வாய்கள்தான். வெள்ளைப் பந்தைத் தடியால் அடிக்க வருகிறவர்கள், ஆடுகள் கடந்து போகும்வரை பேசாமல் காத்து நிற்பார்கள். கடற்காற்று பலமாக வீசினால் ஆடுகள் பள்ளங்களில் ஒண்டிக்கொள்ளும். கொம்பனும் அதன் தம்பியும் ஒரே பள்ளத்துக்கு முட்டிமோதி, கடைசியில் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்துவிடும். பிறகு புல்வெட்டும் இயந்திரம் வந்தது. ஆடுகளை வெளியேற்றி வேலி போட்டார்கள். மறு வருஷமே தம்பி செத்துப்போனது.

அந்தப் புல்லைத் தின்ற வாய்க்கு வெளிப்புல் வைக்கோல் மாதிரி இருப்பதாகச் சொல்லிச் சொல்லியே கொம்பன் மெலிந்தது. குளிர் தொடங்கும்போது மேய்ப்பன் ஒவ்வோர் ஆட்டின் முதுகையும் தடவிப் பார்ப்பான். எலும்பு தட்டுப்பட்டால் அந்த ஆடு கசாப்புக்குப் போகும். செவலி என்ற பெண் ஆடு இதைச் சொல்லி இரண்டு முறை எச்சரித்தது. கொம்பன் காதில் வாங்கவில்லை.

வேலியடியில் குடியிருந்த முயலுக்குப் பொறுக்கவில்லை.

“உள்ள போய்த்தான் பாத்துட்டு வாங்களேண்ணே. தினமும் என் வாசலை மறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க” என்றது. கம்பி தளர்ந்திருந்த இடத்தையும் அதுவே காட்டியது.

விடியற்காலையில், ஆட்கள் வருமுன், கொம்பன் உள்ளே நுழைந்தது. ஒரு வாய் கடித்தது. மென்று பார்த்தது. இன்னொரு வாய். அதே உப்பு, அதே பச்சிலை வாசம். புல் கெட்டுப்போயிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அது மாறவே இல்லை. வேலிக்கு வெளியே இத்தனை நாளாகக் கடித்துத் துப்பிய அதே புல்தான்.

அப்படியானால் இனித்தது எது?

பழைய பள்ளத்தில் போய்ப் படுத்தது. இடம் தாராளமாக இருந்தது. முட்டித் தள்ள யாரும் இல்லை. முதுகில் காற்று சில்லென்று அடித்தது. கொம்பன் வெகுநேரம் தம்பியை நினைத்துக் கிடந்துவிட்டு எழுந்து வந்தது.

வெளியே செவலி மேய்ந்துகொண்டிருந்தது. நல்ல பசும்புல் இருந்த இடத்தில் பாதியைத் தின்னாமல் விட்டிருந்தது.

“இது யாருக்கு?” என்று கேட்டது கொம்பன்.

“உங்களுக்குத்தான். வசந்தகாலத்துல இருந்தே விட்டு வைக்கிறேன். நீங்க திரும்பிப் பாத்தாத்தானே?”

கொம்பன் தலையைத் தாழ்த்தி மேயத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் அதன் வாய் எல்லை தாண்டிவிட்டது.

“அந்தப் பக்கம் என்னுது” என்று செவலி தோளால் ஒரு இடி கொடுத்தது.

அன்று முதல் இரண்டும் சேர்ந்தே மேய்ந்தன. குளிர் தொடங்கியதும் மேய்ப்பன் வந்தான். கொம்பனின் முதுகில் அவன் கை சற்றுத் தயங்கியது. மறுபடியும் அழுத்திப் பார்த்தது. பிறகு அடுத்த ஆட்டுக்கு நகர்ந்தது.

போனவர்களை நினைப்பது தவறில்லை. அந்த நினைப்பில் பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கத் தவறினால் அவரையும் இழப்போம், நம்மையும் இழப்போம்.