தண்ணீர் பாயாத ஒரு வீடு

நெடுமடைச் சீமையை ஆண்ட கார்மேக பூபதிக்கு நாற்பத்தொரு பட்டங்கள். ஊரில் எந்த அறிவிப்பு என்றாலும் முரசு தட்டி முதலில் அந்த நாற்பத்தொன்றையும் சொல்லியாக வேண்டும். இருபதாவது பட்டத்தில் தெரு காலியாகிவிடும். பிறகு வரும் சேதியைத் தெரு நாய்கள்தான் கேட்கும்.

அந்த வருஷம் பெரிய ஏரியின் கரை உடைந்து கிடந்தது. மழைக்கு இன்னும் பத்தே நாள். கரையை அடைக்காவிட்டால் பெய்கிற மழை அத்தனையும் ஓடிப்போகும், போகம் விளையாது. மராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வரும்படி இரண்டு முறை முரசறைந்தார்கள். ஓர் ஆள்கூட வரவில்லை.

பிரதானி மாசிலாமணி ஒரு வழி கண்டுபிடித்தார். "ஏரிக்குள் அதிசயம்! பார்த்தவர் வாய் மூடவில்லை!" என்று முரசறையச் சொன்னார். ஊரே ஓடியது. ஏரிச் சேற்றில் ஓர் எருமை படுத்திருந்தது. மறுநாள், "நேற்று பார்த்தது ஒன்றுமே இல்லை! இன்றுதான் உண்மையான அதிசயம்!" என்றார். பாதி ஊர் போனது. அதே எருமை எழுந்து நின்றுகொண்டிருந்தது. மூன்றாம் நாள் முரசுச் சத்தம் கேட்டதும் எல்லா வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டது.

"இனிமேல் சவுக்குதான், ராஜா. வீடு வீடாகச் சேவகர்களை அனுப்பி இழுத்து வரலாம்" என்றார் பிரதானி.

சபையின் ஓரத்தில், அறிவிப்பு ஓலைகளைப் படியெடுக்கும் குழல்வாய்மொழி உட்கார்ந்திருந்தாள். சபையில் அவள் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. சவுக்கு என்றதும் எழுத்தாணி நின்றது. அவளுக்கு ஊரில் எல்லார் வீடும் தெரியும், எல்லார் முதுகும் தெரியும்.

"ராஜா... ஒரு நாள் தவணை கொடுங்கள். நான் வரவழைக்கிறேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் காது வரை சிவந்துவிட்டது.

பிரதானி சிரித்தார். "என் அதிசயத்துக்கே வராத ஊர், உனக்கு வருமா? எருமைக்குப் பதில் யானையை இறக்கப் போகிறாயா?"

"வராதது அதனால்தான் ஐயா. ஆசை காட்டிக் கூப்பிட்டீர்கள். வந்தவர்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை."

ராஜா தாடையைத் தடவினார். "சரி, ஒரு நாள். ஆனால் என் பட்டங்களில் ஒன்றுகூடக் குறையக் கூடாது."

"குறையாது. இடம் மட்டும் கொஞ்சம் மாறும்."

"அறிவிப்பில் ஒரு சொல் பொய்யானாலும் இவள் வேலை போய்விட வேண்டும், ராஜா" என்றார் பிரதானி.

"ஆகட்டும்" என்றார் ராஜா.

அன்று பிற்பகல் முரசறையும் இருளப்பன் ஓலையை வாங்கிப் பார்த்தார். "தாயி, ராஜாவுக்கு முந்தி சேதியா? என் தலை போயிடுமே!"

"போகாது அண்ணே. முதல் வரியைச் சொல்லிவிட்டு மெதுவாகப் பட்டங்களைச் சொல்லுங்கள். எவரும் நகர மாட்டார்கள்."

இருளப்பன் கடைத்தெருவில் நின்று முழங்கினார். "நெடுமடையில் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடு! இந்த வருஷம் ஏரித் தண்ணீர் முந்நூற்றுப் பதினோரு வீட்டு வயலுக்குத்தான் பாயும்! பாயாத அந்த ஒரு வீடு எது?"

சாத்திய கதவெல்லாம் திறந்தது. "யோவ், எந்த வீடுய்யா?" "என் வீடா?" "மேலத்தெருவா கீழத்தெருவா, அதையாவது சொல்லு!"

அவர் பட்டங்களைத் தொடங்கினார். ஊர் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்பத்தொன்றையும் கேட்டது. அந்தச் சீமையில் அதுவே முதல் முறை. கடைசியில், "நாளை காலை ஏரிக்கரையில் சொல்லப்படும்!" என்று முரசைத் தட்டிவிட்டு இருளப்பன் நடையைக் கட்டினார்.

பொழுது விடிந்தபோது ஏரிக்கரையில் நிற்க இடமில்லை. கரையோரம் மண்வெட்டியும் கூடையும் குவிந்திருந்தன. ராஜாவும் பல்லக்கில் வந்து இறங்கினார். அவருக்கும் அந்த வீடு எது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

குழல்வாய்மொழி ஓலையை விரித்தாள். "மராமத்துக்கு ஆள் அனுப்பாத வீட்டுக்கு மடை திறப்பதில்லை. இது ஏரி வெட்டிய நாள் முதல் உள்ள வழக்கம்."

"அட, இது தெரிஞ்சதுதானே!" என்றார் ஒரு கிழவர். "நாங்கதான் வந்துட்டோமே. மண்வெட்டியைக் குடு!"

ஒவ்வொரு வீடாகப் பேர் சொன்னாள். "வந்தாச்சு!" என்றபடி ஆளுக்கொரு கூடையை எடுத்துக்கொண்டார்கள். முந்நூற்றுப் பதினோரு கூடை போனது. ஒன்று மிச்சம்.

"அந்த ஒரு வீடு எது?" ராஜாவால் பொறுக்க முடியவில்லை.

அவள் தலை நிமிரவில்லை. "அரண்மனை, ராஜா. அதற்கும் வயல் இருக்கிறது. அங்கிருந்து மட்டும் இதுவரை ஆள் வந்ததே இல்லை. கேட்க ஆளில்லாததால் மடை மட்டும் திறந்துகொண்டிருந்தது."

கூட்டம் மொத்தமும் ராஜாவின் பக்கம் திரும்பியது. பிரதானி துள்ளி முன்னால் வந்தார். "ராஜாவே வந்து நிற்கிறாரே! அப்படியானால் அறிவிப்பு பொய். இவள் வேலை போயிற்று!"

"ராஜா வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார் ஐயா. மண் சுமந்தால்தான் வந்ததாகக் கணக்கு. அவர் சுமந்தால் என் அறிவிப்பு பொய், நான் போய்விடுகிறேன். சுமக்காவிட்டால் அது மெய், அரண்மனை வயல் காயும். எது என்று ராஜாவே சொல்லட்டும்."

ராஜா அவளைப் பார்த்தார். ஏரியைப் பார்த்தார். அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மிச்சமிருந்த கூடையைத் தலையில் ஏற்றினார். ஊர் ஆரவாரம் செய்தது.

"பொய்யாகிவிட்டது!" பிரதானி கை தட்டினார். "இவளுக்குத் தண்டனை!"

சேறு வழியும் முகத்தோடு ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "மாசிலாமணி, அவள் எழுதியது மெய்யாகத்தான் இருந்தது. அதைப் பொய்யாக்கியது நான். தண்டனை எனக்குத்தான். எனக்குப் பத்துக் கூடை போடுங்கள். அது பொய்யாக வேண்டுமென்று பக்கத்தில் நின்று தூண்டிவிட்ட பிரதானிக்கு இருபது!"