எழுந்து நின்ற மலை

அந்தக் காலத்தில் மலைகளெல்லாம் உட்கார்ந்திருந்தன. கூப்பிட்டால் ஏனென்று கேட்கும். மேற்குக் கடலில் கிளம்பும் ஆடி மேகம் அவற்றின் தோளைச் சுலபமாகத் தாண்டி, இரண்டு பக்கமும் ஒன்றுபோலப் பெய்துவிட்டுப் போகும்.

மலைக்குக் கிழக்கே செவத்தாள் என்றொரு பெண் இருந்தாள். புல்லுக்காக ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போன அவள் புருஷன் இருளப்பன், மழை பிடித்துக்கொண்டதால் திரும்பவில்லை. கணவாய்க்கு இந்தப் பக்கத்துச் சரிவில் மழையில் மண் இளகிப் பாறைகள் உருண்டுகொண்டிருந்தன. கண்ணுக்கெட்டிய தூரம் வேறு குடிசை கிடையாது. உலையில் ஒருத்திக்கு மட்டும் தினை போடும்போதெல்லாம் அவளுக்குக் கை தயங்கும்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் மலையிடம் போனாள்.

“அய்யா, செத்த எழுந்து நில்லுங்க. மழை அந்தப் பக்கமே நிக்கட்டும். இந்தச் சரிவு காஞ்சா அவரு வந்துருவாரு.”

“எழுந்தா திரும்ப உட்கார முடியுமான்னு தெரியல, தாயி. இந்தச் சீமைக்கெல்லாம் மழை வேணுமே.”

“அவரு வரட்டும். அப்புறம் பாத்துக்கலாம்.”

மலைக்கு மனசு கேட்கவில்லை. எழுந்தது. மேகங்கள் அதன் நெஞ்சில் முட்டி அந்தப் பக்கமே கொட்டின. இந்தப் பக்கம் வெயில் அடித்தது. செவத்தாள் கணவாயைப் பார்க்க ஓடினாள். கணவாய் இருந்த இடத்தில் செங்குத்தாகப் பாறை நின்றது. வழி மேகத்துக்குள் போயிருந்தது.

உச்சிக்கு அப்பாலிருந்து, மழை இரைச்சலுக்கு நடுவே, இருளப்பனின் குரல் வந்தது.

“செவத்தா, வழியக் காணலியே.”

“இங்கதான் இருக்கேன்” என்று கத்தினாள். தொண்டை கட்டும்வரை கத்தினாள். அதற்குள் அங்கே மழை வலுத்துவிட்டது. பிறகு அந்தக் குரல் கேட்கவேயில்லை.

“உட்காருங்க அய்யா” என்று மலையின் காலைப் பிடித்தாள்.

“முட்டி மடங்க மாட்டேங்குது, தாயி” என்றது மலை. அது பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

கிழக்கே நிலம் வெடித்தது. கீழைக்கடல் இரக்கப்பட்டு ஐப்பசியில் கொஞ்சம் மேகம் அனுப்பியது. தினை விளைந்தது. செவத்தாள் பொங்கினாள், தின்றாள், இருந்தாள். ஆடி வந்தால் உச்சியிலிருந்து காற்று மட்டும் இறங்கிவந்து, நனைந்த புல்லின் வாடையோடு வாசல் படலைத் தள்ளும். யாருமில்லை என்று தெரிந்தும் அவள் எழுந்துபோய்த் திறப்பாள்.

அன்று முதல்தான் ஆடியில் மலைக்கு மேற்கே மழை கொட்டித் தீர்க்கிறது. கிழக்கே வெறும் காற்று வந்து, வீடுவீடாகக் கதவைத் தட்டிவிட்டுப் போகிறது.