மூங்கில் புதர் வரைக்கும்

"பயம் போகறதுக்கு ஒரு வழி சொல்லுங்கம்மா" என்றார் பொன்னுரங்கம்.

பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோருக்கும் ஹவில்தார். மலையடிவாரத்து மடத்தில் மட்டும்தான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

மடத்தை நடத்தும் நாச்சம்மாள் அவரைவிடப் பத்து வயது இளையவள். பொன்னுரங்கம் அவளைத்தான் குருவாக ஏற்றிருந்தார்.

"எதுக்குப் பயம்?" என்று கேட்டாள்.

அவர் சொன்னார்.

ஊரிலிருந்து அருவி வரைக்கும் ஓடைக்கரையோரமாக ஒரு நடைபாதை போட ஊர்க்காரர்கள் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள். வண்டி போகக் கூடாது. மரம் வெட்டக் கூடாது. குப்பை அள்ளிய இடத்தில் புங்கன் கன்றுகள் நட்டாகிவிட்டது. குழந்தைகளும் வயசானவர்களும் இப்போதே காலையில் நடக்க வருகிறார்கள்.

பாதி தூரத்தில் மூங்கில் புதர். அதற்குள் முள்ளை வெட்டிக்கொண்டிருந்தபோது, கைக்கெட்டும் தூரத்தில் ஏதோ மூச்சு விட்டது.

பொன்னுரங்கம் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டார். யாரும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அந்தப் பக்கம் அவர் போகவே இல்லை. ஊரிலோ யானைத்தடம் பார்த்த சிலர், புதரைச் சுற்றி மின்வேலி போட்டுவிடலாம் என்கிறார்கள். இன்று சாயங்காலம் கூட்டம். பாதை வேலைக்குத் தலைவர் அவர்தான். அவர் சொல்வதுதான் முடிவு.

"வேலி போட்டா ஆனைக்குத் தண்ணி?" என்று கேட்டாள் நாச்சம்மாள்.



"வாங்க, நடக்கலாம்" என்று எழுந்தாள்.

இருவரும் ஓடைக்கரைக்குப் போனார்கள். புதிதாகப் போட்ட செம்மண் மெத்தென்று இருந்தது.

ஒரு நாவல் மரத்தடியில் பொன்னுரங்கத்தின் கால் தானாக நின்றது. காற்றில் சாணி வாடை.

நாச்சம்மாள் நிற்கவில்லை. அவரும் பின்னால் போக வேண்டியதாயிற்று.

மூங்கில் ஒன்று முறிந்தது.

அவள் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த உள்ளங்கை வியர்த்துச் சில்லிட்டிருந்தது. அவர் திகைத்துப்போய் அவள் முகத்தைப் பார்த்தார். உதடு வெளுத்திருந்தது.

புதரின் இடைவெளியில் ஓடை தெரிந்தது. தண்ணீரில் ஒரு குட்டி யானை நின்றிருந்தது. அதன் மேல் நிழலாகத் தாய்.

தாய் திரும்பியது. காதுகள் விரிந்தன.

ஓடச் சொல்லிப் பொன்னுரங்கத்தின் உடம்பு முழுக்கக் கத்தியது. மணிக்கட்டைப் பிடித்திருந்த கை அவரை விடவில்லை.

யானை ஓர் அடி எடுத்து வைத்தது.

நாச்சம்மாள் ஓர் அடி பின்னால் வைத்தாள். அவரும் வைத்தார். இன்னொன்று. முதுகில் மூங்கில் உரசியபோது உயிர் போய் வந்தது. யானை பார்த்துக்கொண்டே இருந்தது.

பிறகு அது குட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டது.

நாவல் மரத்தடிக்கு வந்ததும் நாச்சம்மாள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

"உங்களுக்கும் பயமாம்மா?" என்றார்.

"போகும்போது உங்க கால் எங்க நின்னுச்சு?"

"இங்கதான்."

"எனக்கும் இங்கதான். நான்தான் கால் பேச்சைக் கேக்கல."

அவள் எழுந்து, கரையில் கிடந்த கல்லை உருட்டி வந்து பாதையின் குறுக்கே வைத்தாள். இன்னொன்றையும் வைத்தாள். மேட்டுப் பக்கம் கை காட்டினாள்.

"பாதைய இங்கிருந்து அப்படித் திருப்பிக் கொண்டு போங்க."

அது ஏற்றம், தூரமும் கூடுதல், ஓடையே கண்ணில் படாது என்றார் அவர். கூட்டத்தில் காரணம் கேட்பார்கள். இத்தனை நாள் ஹவில்தார் என்று கூப்பிட்டவர்கள்.

"அவங்ககிட்ட என்னன்னு சொல்றது?"

"பயந்துட்டேன்னு சொல்லுங்க."

சாயங்காலம் கூட்டத்தில் பொன்னுரங்கம் எழுந்து அதையே சொன்னார். வேலி வேண்டாம், பாதையை மேட்டுப் பக்கம் திருப்பிவிடலாம் என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. வேலி கேட்டவர்களில் ஒருவர் மட்டும், எந்த இடத்தில் திருப்புவது என்று கேட்டார்.