மாயா நீக்கிய மது

யுகடான் காட்டோரத்துப் பண்ணைக்கு எவரிஸ்தோ எஜமான். தன் முப்பாட்டன் ஸ்பெயினிலிருந்து கப்பலேறி வந்த கதையைக் கேட்காதவர்களிடமும் சொல்லுவார். அவருடைய சமையல்காரி காசிமிரா, அந்த மண்ணின் பூர்வகுடியான மாயா இனத்துப் பெண். குடைந்த மரக்கட்டைகளில் தேனீ வளர்த்து, அவை காட்டுப் பூக்களிலிருந்து சேர்க்கும் தேனைப் புளிக்கவைத்து, சோம்பு சேர்த்து அவள் செய்யும் ஷ்தபெந்தூன் மதுவுக்கு ஊரே மயங்கும்.

ஆளுநரின் தங்கை விருந்துக்கு வருகிறாள் என்றதும் எஜமானுக்குக் கவலை வந்துவிட்டது.

"மாயாக்காரங்க சரக்குன்னு தெரிஞ்சா என் மானம் போயிடும். அதுல இருக்கற மாயாவையெல்லாம் எடுத்துட்டு, சுத்தமான ஸ்பெயின் மதுவா கொண்டு வா. இல்லேன்னா உன் தேனீக்கட்டையெல்லாம் அடுப்புக்குத்தான்."

காசிமிரா தேனீக்கட்டைகளைத் திரும்பிப் பார்த்தாள். அவள் அம்மா விட்டுப்போன தேனீக்கள் அவை. ஆனாலும், "சரிங்க எஜமான்" என்றாள்.

விருந்தில் வெள்ளித் தட்டில் கோப்பைகள் வந்தன. ஆளுநரின் தங்கை ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்தாள்.

"கைக்குழந்தைக்கு வயித்துவலின்னா கொடுக்கற சோம்புத் தண்ணியாச்சே இது."

எஜமான் காசிமிராவை முறைத்தார். "என்ன செஞ்சே?"

"நீங்க சொன்னதைத்தான் எஜமான். பூ எங்க காட்டுது, தேனீ எங்களுது, புளிக்கவைக்கிற பக்குவமும் எங்களுது. எல்லாத்தையும் எடுத்துட்டேன். ஸ்பெயின்லருந்து வந்தது சோம்பு மட்டும்தான். அதைக் குறையில்லாம போட்டிருக்கேன்."

விருந்தாளிகள் சிரித்துவிட்டார்கள். ஆளுநரின் தங்கை கோப்பையை நீட்டினாள்.

"எங்களுக்கு அந்த மாயாவையே ஊத்தும்மா. உங்க எஜமானுக்கு இதுவே இருக்கட்டும்."

தேனீக்கட்டைகளின் பக்கம் எவரிஸ்தோ அப்புறம் போகவேயில்லை. விருந்து முடியும்வரை சோம்புத் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவருக்கு வயிறு ரொம்ப லேசாக இருந்ததாம்.