துரைண்ணா குடிவச்ச ஸ்டேட்டிக் மெத்தடுகள்

எங்க ஆபீஸ் ரங்கதுரை அண்ணா வாயைத் திறந்தாலே அளந்து விடறதுதான். அன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி. ஜாவாங்கிற பழைய கம்ப்யூட்டர் மொழியில இருந்த ஆஸ்பத்திரி டோக்கன் ஆப்பைக் கோட்லின்ங்கிற புது மொழிக்குக் கொஞ்சம் கொஞ்சமா மாத்திட்டிருந்தோம். எழுதினதையெல்லாம் ஒண்ணாச் சேர்த்து ஆப்பாக்குற பில்டு ஓடாம சிவப்பா நின்னுக்கிச்சு. அது பச்சையானாத்தான் எங்க டீம் ஜெசிந்தா ஆறு மணி பஸ்ஸைப் பிடிச்சுப் பாளையங்கோட்டை போக முடியும். விடிஞ்சா தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம். பாவம், புள்ள கண்ணு கலங்கிப்போய் உக்காந்திருந்தா.

"என்ன அம்மணி, இதுக்கெல்லாமா அழுவாங்க?" சேரை இழுத்துப் போட்டு உக்காந்தார் அண்ணா. "ஸ்டேட்டிக் மெத்தட்தானே கோளாறு? ஒரு வேலையைச் செய்யிற கோடு துண்டு அது; ஜாவாவுல அது இருக்கிற கிளாஸ் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா போதும், வந்து நிக்கும். கோட்லின்ல ஸ்டேட்டிக்குங்கிற பேச்சே கிடையாது. கம்பானியன்னு ஒரு கூடு கட்டி அதுக்குள்ள வைக்கணும். பழைய கம்பெனியில நாலாயிரம் மெத்தடை நான் ஒத்தக் கையில குடிவச்சேன். இன்னொரு கையில டீ கிளாஸ்."

"போன வாரம் நானூறுன்னீங்க" என்றேன்.

"அது காலையில செஞ்சது. மத்தியானக் கணக்கை நீ கேக்கவே இல்லையே! குறுக்க பேசாதப்பா. குடிவச்சாச்சா? இப்ப இன்னும் மாத்தாத ஜாவா கோடு அதைப் பழையபடியே கூப்பிடுது. கூட்டுக்குள்ள இருக்கிறது திரும்பிக்கூடப் பாக்கல. மெத்தடுக்கு மேல 'ஜேவிஎம் ஸ்டேட்டிக்'னு ஒரு வரி போட்டாத்தான் அதுக்குக் காது கேக்கும். இருபதாயிரத்துக்கும் போட்டேன். கீபோர்டு கொதிச்ச கொதியில எதிர் சீட்டுக்காரன் ரெண்டு தோசை வார்த்துத் தின்னுட்டான்."

"நாலாயிரம் எப்படிண்ணா இருபதாயிரம் ஆச்சு?"

"நல்லா பாத்துக்கிட்டா குட்டி போடாதா?"

ஜெசிந்தா 'ம்', 'ம்'னு கொட்டிக்கிட்டே எதையோ தட்டிக்கிட்டிருந்தா. அண்ணாவுக்கு அதுவே போதும், குஷியாயிட்டார்.

"நாப்பதாயிரத்தைத் தொட்டப்ப மெத்தடுங்களே பயந்து வரிசையில வந்து நின்னுச்சு. நான் பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடியே பில்டு முடிஞ்சிருச்சு. எவ்வளவு முன்னாடிங்கறே? முந்தின நாளே! மேனேஜர் வந்து, 'துரை, நாளைக்கு நீங்க செய்யப்போற வேலைக்கு ரொம்ப நன்றி'ன்னு கையைக் குடுத்துட்டுப் போறார்."

"அப்புறம் மறுநாள் எதுக்குண்ணா ஆபீஸ் போனீங்க?"

"தோசைக்குத்தான். சரி, நகரு அம்மணி, ஒரு நிமிஷத்துல முடிச்சுத் தரேன். எத்தனை மெத்தட்?"

"ஒண்ணுண்ணா."

அண்ணா முகம் தொங்கிப்போச்சு. "ஒண்ணா? ஒண்ணுக்கெல்லாம் நான் கையே வைக்கிறதில்லையே!"

ஜெசிந்தா பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு எழுந்தா. அவ ஸ்கிரீன்ல பில்டு பச்சையா இருந்துச்சு.

"வேண்டாம்ணா, நீங்க பேசிட்டிருந்தப்பவே அந்த ஒரு வரியைப் போட்டுட்டேன். ஆனா இந்த ஒண்ணுலயும் போன வாரம் நீங்க கை வச்சிருக்கீங்க. அந்த வரியைப் போடாம ஃபைலைக் கோட்லினுக்கு மாத்தினவங்க பேரு மேலேயே இருக்கு, பாருங்க."