பல் பட்ட இடம்

மோயாற்றுப் பள்ளத்தாக்கின் முட்காட்டில் கழுதைப்புலிகளைக் கணக்கெடுக்கும் பெண்ணின் பெயர் மாதி. வயது முப்பத்து நான்கு. அவளிடம் பாடம் கேட்க வந்தவருக்கு ஐம்பத்தாறு.

அவர் பெயர் அருளப்பன். கோயம்புத்தூரில் கிரிப்டோ நாணயங்களைப் பற்றிய வணிகச் செய்தித் தளம் ஒன்றின் ஆசிரியர். விடுமுறைக்கு வந்தவர், ஒரு காலடித் தடத்தைக் காட்டி நாயா என்று கேட்டார். முன்னங்கால் பெரிதாகவும் பின்னங்கால் சிறிதாகவும் இருப்பதை மாதி விரலால் அளந்து காட்டினாள். அன்றிலிருந்து மூன்று ஆண்டுகளாக மாதம் ஒருமுறை வருகிறார். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை சார் என்பாள். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

இந்த முறை வந்தவர் தடம் எதையும் பார்க்காமல் நடந்தார். ஓடையைத் தாண்டியதும் காரணத்தைச் சொன்னார்.

கிரிப்டோ பரிமாற்ற நிறுவனம் ஒன்று, மக்கள் போட்ட பணத்துக்கு ஈடாகத் தன்னிடம் கையிருப்பு இருப்பதாகச் சொல்லி வந்தது. அந்தக் கையிருப்பில் பெரும்பகுதி அந்த நிறுவனம் தானே உண்டாக்கிக்கொண்ட நாணயம் என்பதை அருளப்பன் கண்டுபிடித்திருந்தார். கட்டுரை வெளிவருவதற்குள் விஷயம் கசிந்துவிட்டது. நிறுவனத் தலைவர் ஒரு மேடையில் அவர் பெயரைச் சொல்லி, செத்ததைத் தின்ன அலைகிற கழுதைப்புலி என்றார். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. கட்டுரை வந்தால் மக்கள் பயந்து ஓடுவார்கள், நன்றாக நடக்கிற நிறுவனம் அதனாலேயே சாகும், அந்தப் பழி இவரைச் சேரும் என்றும் சொன்னார். செய்தித் தளத்தின் முதலாளி அதோடு ஒரு கெடுவும் வைத்துவிட்டார். இன்று மாலை ஐந்து மணிக்குள் கட்டுரையைக் கைவிட வேண்டும், அல்லது வேலையை விட வேண்டும்.

"வேலை போனா போகட்டும் டீச்சர். நல்லா இருக்கிற ஒண்ணை நான் எழுதிக் கொல்றேனா? அது மட்டும் எனக்குத் தெரியணும்."

மாதி நின்றாள்.

"கழுதைப்புலின்னா திட்டினாங்க?"

"ஆமா."

"அது எப்ப சார் திட்டாச்சு?"

அதற்குள் காட்டோரக் கொல்லைப் பக்கம் ஆட்கள் சத்தம் கேட்டது. இருவரும் அங்கே போனார்கள்.

கொல்லைக்காரர் பொம்மண்ணனின் கறவை மாடு வேலியோரம் செத்துக் கிடந்தது. இடது தொடை கிழிந்திருந்தது. பொம்மண்ணன் கையில், டவுனுக்குப் போய் வாங்கி வந்த, பயிர்ப் பூச்சிக்குப் போடும் குருணை விஷ மருந்து டப்பா இருந்தது. சுற்றிலும் நான்கைந்து பேர்.

"வந்துட்டா பாருங்க, அவ வீட்டு நாய்க்கு வக்காலத்து வாங்க" என்றார் பொம்மண்ணன்.

விடியும்போது தன் கண்ணால் பார்த்ததாக அவர் சொன்னார். கழுதைப்புலி தொடைக்குள் முகத்தை வைத்திருந்தது. கல்லெறிந்ததும் பிடரி மயிரைச் சிலிர்த்துக்கொண்டு கன்றுக்குட்டி உயரத்துக்கு நின்றது, பிறகுதான் ஓடியது. நேற்றுச் சாயங்காலம் பால் கொடுத்த மாடு. இன்று மருந்தைத் தொடைக்குள் வைத்தால் அது திரும்பி வந்து தின்று சாகும்.

மாதி எதையும் மறுக்கவில்லை. மருந்து வைப்பதற்கு முன்னால் இந்த சார் ஒருமுறை பார்க்கட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். தன் இடுப்புக் கத்தியை எடுத்து அருளப்பனிடம் நீட்டினாள்.

அவள் செய்யும்போது பல முறை பார்த்திருக்கிறார். தானாகச் செய்ததில்லை. பல் பட்ட இடத்தைச் சுற்றித் தோலைக் கீறி மடக்கினார். பார்த்ததைச் சொன்னால் போதும், நினைத்ததைச் சொல்ல வேண்டாம் என்றாள் மாதி.

"ரத்தம் கட்டல" என்றார். இன்னொரு பல்தடத்தைக் கீறினார். "இங்கயும் கன்றல. வெள்ளையா இருக்கு."

"அப்படின்னா?"

அருளப்பன் கத்தியைப் புல்லில் துடைத்தார்.

"உயிர் இருந்திருந்தா ரத்தம் கட்டியிருக்கும். கடிக்கும்போது மாட்டுக்கு உயிர் இல்ல."

பொம்மண்ணன் குந்தி உட்கார்ந்து தன் விரலால் தொட்டுப் பார்த்தார். மாட்டின் வயிறு உப்பிப் பறைபோல இறுகியிருந்தது. வாயோரத்தில் பச்சையாக ஏதோ தொங்கியது. அருளப்பன் அதை இழுத்து எடுத்தார். சோளப் பயிர், முழங்கால் உயரம்கூட வளராதது, வெயிலில் வாடியது.

எல்லோரும் பொம்மண்ணனின் சோளக் கொல்லையைப் பார்த்தார்கள். வாடின இளஞ்சோளத்தின் விஷம் மாட்டைக் கொல்லும் என்பது அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும். வேலியில் ஒரு மாடு நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது.

"வேலியை நேத்தே கட்டியிருக்கணும்" என்றார் பொம்மண்ணன், யாரிடமும் இல்லாமல். டப்பாவை மூடினார். நாலடி போனவர் திரும்பி, "இருந்தாலும் அந்த மூஞ்சியைப் பார்த்தா எனக்கு ஆகாது" என்றார்.

போனுக்கு சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு இருவரும் ஏறினார்கள். மணி நாலரை. அருளப்பன் முதலாளிக்கு இரண்டு வரி எழுதினார். கட்டுரையைக் கைவிடப் போவதில்லை. நீங்கள் போடாவிட்டால் நானே என் பெயரில் போடுவேன். எழுதியதை ஒருமுறைகூடத் திருத்தவில்லை.

ஐந்து மணிக்கு முன்பே பதில் வந்தது. திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வர வேண்டாம் என்று அதில் இருந்தது. அவர் அதை மாதிக்குப் படித்துக் காட்டினார். பிறகு அங்கேயே ஒரு பாறையில் உட்கார்ந்து கட்டுரையைத் தன் பெயரில் வெளியிட்டார். முப்பது ஆண்டு வேலையில் அன்றுபோல் அவர் நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை.

போனைப் பையில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"காயத்தைத் தொட்டுப் பார்த்த மாட்டுக்காரரே கழுதைப்புலிக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லல டீச்சர். நாளைக்கு அந்த நிறுவனம் விழுந்தா, கழுதைப்புலி வந்துச்சு, அதான் செத்துச்சுன்னுதானே சொல்வாங்க?"

கீழே மாட்டுக்குப் பக்கத்தில் காகங்கள் இறங்கத் தொடங்கியிருந்தன. மாதி அவற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வந்துச்சுன்னு சொல்லட்டும் சார், வந்தது நிஜந்தானே. கறியைக் காக்காயும் நரியும் தின்னுட்டுப் போயிடும். எலும்பு கிடக்கும். அதை உடைக்க இந்தக் காட்டுல கழுதைப்புலியை விட்டா வேற யாரால முடியும்?"