பரிசல் வட்டமான கதை

ஆற்றை யாரும் குத்தகைக்கு எடுக்காத அந்தக் காலத்தில், நாரையும் நீர்நாயும் ஆமையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசின. பிழைப்பும் ஒன்றாகத்தான். மலையில் மழை விட்டதும் ஒரே படகில் ஏறி, வலை வீசிக்கொண்டே கடல்வரைக்கும் போவார்கள். மூங்கிலை வளைத்துத் தோல் போர்த்திய நீளப் படகு. அதற்கு மூக்கு உண்டு, வால் உண்டு. மூக்கில் உட்கார்ந்தவருக்குத் துடுப்பு கிடையாது. மீனில் முதல் பங்கு உண்டு. வாலில் உட்கார்ந்தவருக்குத் துடுப்பும் முள்ளும். ஏன் இப்படி என்று கேட்டால், எப்போதும் இப்படித்தான் என்று பதில் வரும். அந்தப் பதில் எப்போதும் மூக்கிலிருந்துதான் வரும்.

வாலில் உட்கார்ந்தவள் மாதி. கைக்குழந்தைக்காரி. குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு பகல் முழுக்கத் துடுப்புப் போடுவாள். முள்ளைச் சப்பும் உடம்பில் பால் எங்கே ஊறும்? மார்பு வற்றிக்கொண்டு வந்தது. குழந்தையின் அழுகை நாளுக்கு நாள் மெலிந்தது. கடலோ இன்னும் வெகுதூரம்.

மூக்கில் அப்போது இருந்தது நாரை.

"இன்னும் வேகமாத் தள்ளுங்க," என்றது. "தூரத்துல வர்றதை நான் பாத்துச் சொல்றேன்ல? அதுவும் வேலைதான்."

"தூரத்துல வர்றது இருக்கட்டும் நாரையாரே. இங்க ஒரு கொழந்தை பசியில கெடக்கு, அது தெரியுதா?" என்றாள் மாதி.

"கிட்டத்துல இருக்கறது எனக்குச் சரியாத் தெரியாது," என்றது நாரை.

நீர்நாய்க்குப் பொறுக்கவில்லை. மறுநாள் நாரை காலை நீட்டிக்கொள்ள ஒரு மணல்திட்டில் இறங்கியது. "தள்ளுங்க, தள்ளுங்க!" என்று கத்தியது நீர்நாய். படகு நகர்ந்துவிட்டது. தின்று கொழுத்த நாரைக்குச் சிறகு எழும்பவில்லை; ஒற்றைக் காலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தது. படகில் ஒரே கொண்டாட்டம். அது அடங்கியபின் பார்த்தால், மூக்கில் நீர்நாய்.

"மொதல்ல கத்துனது யாரு? நான்தானே?" என்றது.

மாதியும் ஆமையும் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தார்கள். படகு கரையோரம் ஒதுங்கிக் கிடந்தது. பசி எடுத்ததும் நீர்நாய் எழுந்து வந்தது. ஆமை அந்த இடத்துக்குப் போயிற்று. "அடுத்த திருப்பம்வரைக்கும்தான் தாயி," என்று சொல்லித்தான் போயிற்று. திருப்பங்கள் பல கடந்தன. ஆமை கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு தூங்கியது. தின்று மீந்த மீன் அதன் பக்கத்தில் வெயிலில் நாறியது.

மறுபடியும் துடுப்புகள் மடிக்குப் போயின. ஆமை முனகிக்கொண்டே எழுந்தது.

"சரி, மாதியக்கா போகட்டும். பிள்ளைக்காரி," என்றது நீர்நாய்.

மாதி போய் உட்கார்ந்தாள். முகத்தில் காற்று அடித்தது. கொழுத்த கெண்டை ஒன்று முதல் பங்காக வந்தது. தின்றாள். பால் சுரந்தது. வெகுநாளைக்குப் பிறகு குழந்தை வயிறு நிறையக் குடித்துத் தூங்கியது. கடல்வரைக்கும் இப்படியே போய்விடலாம். படகு கொஞ்சம் தயங்கியது. மாதி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"இன்னும் வேகமாத் தள்ளுங்க."

அது நாரையின் பேச்சு என்பது, சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. திரும்பினாள். ஆமையின் கையில் தோல் உரிந்திருந்தது. நீர்நாய் முள்ளைச் சப்பிக்கொண்டிருந்தது.

"கரைக்கு விடுங்க," என்றாள்.

கரையேறியதும் மீன் அரியும் கத்தியை எடுத்து, படகின் மூக்கைக் கட்டியிருந்த கயிற்றை அறுத்தாள்.

"அடிப்பாவி! ஒனக்கு எடம் கெடைச்ச அன்னிக்கா இதைப் பண்ணணும்?" என்று அலறியது நீர்நாய்.

"யாரு போய் உக்காந்தாலும் நாரையாத்தான் ஆகுறோம். ஆளை மாத்திப் பாத்தாச்சு. இனி அந்த எடமே வேண்டாம்."

அவிழ்ந்த மூங்கில்களை வளைத்து முனையோடு முனை சேர்த்துக் கட்டினாள். தோலை இழுத்துப் போர்த்தினாள். பெரிய கூடைபோல ஒரு வட்டம் வந்தது.

தண்ணீரில் இறக்கியதும் அது சுழன்றது. பின்னாலிருந்து தள்ளியே பழகியவர்கள், பின்பக்கம் எது என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் தள்ளினார்கள். படகு ராட்டினமாகச் சுற்றிக்கொண்டு பாறையை நோக்கிப் போயிற்று. குழந்தை வீறிட்டது.

"இதுக்கு நாரையே தேவலை!" என்று கத்தியது ஆமை. நல்லது செய்யப்போனவருக்கு வழக்கமாகக் கிடைக்கிற சன்மானம்.

மாதி பாறைக்கு எதிர்ப்புற விளிம்பில் மண்டியிட்டு, துடுப்பை எட்டி முக்கி, தண்ணீரைத் தன் பக்கம் இழுத்தாள். தள்ளவில்லை, இழுத்தாள். சுழற்சி நின்றது. அவள் இருந்த பக்கமாகப் படகு நகர்ந்தது. பாறை ஒரு முழம் தள்ளிப் போயிற்று.

கை ஓய்ந்ததும் துடுப்பை நீர்நாயிடம் கொடுத்தாள். நீர்நாய் இருந்த பக்கம் முன்னால் வந்தது. பிறகு ஆமையின் முறை; ஆமையின் பக்கம் முன்னால் வந்தது. மீனை நடுவில் குவித்தார்கள். எல்லாருக்கும் கை எட்டியது. மாதிக்குக் கொழுத்த கெண்டை தினமும் கிடைக்கவில்லை. ஆனால் பால் வற்றவில்லை. கடலைப் பார்த்த அன்று குழந்தை ஈரமணலில் தவழ்ந்தது.

மாதிக்கு யாரும் கல் நடவில்லை. அது போகட்டும். பரிசலில் துடுப்புப் போடுகிறவர் எந்தப் பக்கம் உட்கார்கிறாரோ, அந்தப் பக்கமே முன்பக்கம் என்று ஆனது அன்று முதல்தான்.